சேலைக்கு மேல் ஒரு சட்டை

இரண்டு வாரத்துக்கு முன், சென்னையில் ஒரு ஃபேஷன் கல்லூரியின் வராந்தாவில் நானும் என் தங்கை பாண்டியம்மாளும் உட்கார்ந்திருந்தோம். உள்ளே அவள் மகள் காளீஸ்வரிக்கு நேர்முகத் தேர்வு.

"யக்கா, எம் பிள்ளைக்குக் கெடைச்சிருமா?"

என் பொறுப்பில் விட்டிருந்தால் நிச்சயம் கிடைத்திருக்காது. அதை இந்த வாரம் உங்களிடம் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

காளீஸ்வரிக்கு முதுகுளத்தூர் பக்கம் ஒரு கிராமம். வீட்டில் மிளகாய் விவசாயம். போன வருஷம் பிளஸ் டூ முடித்தவள், "ஃபேஷன்தான் படிப்பேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஒரு வருஷம் முயற்சி பண்ணலாம், கிடைக்கவில்லையென்றால் பேசாமல் பி.காம். — இது அவள் அய்யா (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் சொல்வோம்) போட்ட கண்டிஷன்.

அந்தப் படிப்பில் சேர மார்க் மட்டும் போதாதாம். 'போர்ட்ஃபோலியோ' வேண்டுமாம். வரைந்தது, யோசித்தது, தைத்துப் பார்த்தது எல்லாம் அடங்கிய தொகுப்பு. குடும்பத்தில் இங்கிலீஷ் தெரிந்த, பத்திரிகையில் எழுதுகிற ஒரே ஆள் நான். சும்மா இருப்பேனா? சனிக்கிழமைதோறும் அவளை ராமநாதபுரத்துக்கு, என் வீட்டுக்கு வரச் சொன்னேன்.

"அழகா இருக்கணும்டி. பாத்தவுடனே அசரணும்" என்று இன்டர்நெட்டில் மாடல் எடுத்துக் கொடுத்தேன். தரையில் புரளும் கவுன், முத்து வைத்த கவுன், முதுகில்லாத கவுன்... பன்னிரண்டு கவுன் வரைந்தாள். ஒவ்வொன்றையும் நானே பிளாஸ்டிக் உறையில் போட்டேன். எனக்கே சீட் கிடைத்த மாதிரி ஒரு பெருமை!

அந்தக் கல்லூரி ஆன்லைனில் ஓர் ஆலோசனை வகுப்பு நடத்தியது. காளீஸ்வரி படங்களைக் காட்டினாள். அந்த ஆசிரியை பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"நல்லா வரையறீங்க. இதைப் போட்டுக்கிட்டு இவங்க எங்க போறாங்க?"

காளீஸ்வரி என்னைப் பார்த்தாள். நான் சீலிங் ஃபேனைப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. போன் செய்தேன். "பெரியம்மா, நான் அம்மாவ வரையப் போறேன். காட்டுக்குப் போடுற சட்டையோட."

எங்கள் பக்கத்தில் மிளகாய்க் காட்டுக்குப் பழம் பறிக்கப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்வார்கள். வெயிலும் மிளகாய்க் காந்தலும் தாங்க வேண்டுமே.

தங்கை கொதித்துவிட்டாள். "பெரிய பெரிய ஆளுக பாக்குற படத்துல என்னைய இந்தக் கிழிசலோடயா போடுவ? பட்டுச்சேல கட்டிட்டு வாரேன். வரை."

நானும் தங்கை பக்கம்தான். ஏன் தெரியுமா? கல்லூரியில் படித்தபோது லீவில் அய்யாவின் சட்டையைப் போட்டுக்கொண்டு நானும் பழம் பறித்தவள். ஒருநாள் ரோட்டில் போன பஸ்ஸில் என் வகுப்புத் தோழி. சட்டென்று செடிக்குள் உட்கார்ந்துவிட்டேன். மிளகாய்ச் செடி இடுப்பு உயரம்கூட இருக்காது... எவ்வளவுதான் ஒளிய முடியும்? பல வருஷம் கழித்தும் அந்தச் சட்டை எனக்கு வெட்கமாகவே இருந்தது.

காளீஸ்வரி வாதாடவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனாள். மற்ற பெண்களை வரைந்தாள். அப்போதுதான் தெரிந்ததாம், எந்தச் சட்டையும் கடையில் வாங்கியபடி இல்லை. ஒருத்தி காலரை வெட்டி எடுத்திருக்கிறாள், தூசி தங்குகிறதென்று. ஒருத்தி கொசுவம் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் கிழித்துத் தைத்திருக்கிறாள். இன்னொருத்தி கைநுனியில் ஓட்டை போட்டுக் கட்டைவிரலை நுழைத்திருக்கிறாள், புறங்கை எரியாமலிருக்க. எல்லாவற்றையும் பக்கம் பக்கமாக வரைந்து, காரணத்தை அவரவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதினாள்.

நாலாவது நாள் தங்கை வந்து நின்றாள். "ஊர்ல உள்ளவ சட்டையெல்லாம் வரையுற. எஞ்சட்ட என்ன மட்டமா?"

இதற்குத்தானே காத்திருந்தாள் கள்ளி!

எல்லாருடைய யோசனையையும் சேர்த்து, பழம் பறிக்கவென்றே ஒரு மேல்சட்டை தைத்தாள். தங்கை அதைப் போட்டுக்கொண்டு காட்டுக்குப் போவாள். சாயங்காலம் குறையோடு வருவாள். "முதுகு இழுக்குது." "அக்குள்ல வேர்க்குது." மகள் மூன்று முறை பிரித்துத் தைத்தாள். அந்தக் குறைகளும் தப்பான தையலும் அப்படியே போர்ட்ஃபோலியோவில் ஏறின. "அடித்தல் திருத்தலையெல்லாமா காட்டுவ?" என்று நான் கடைசிவரை புலம்பினேன்.

நேர்முகத் தேர்வுக்கு வருகிறேன். திடீரென்று கதவு திறந்தது. "அம்மா, உள்ள வா" என்றாள் காளீஸ்வரி. சட்டையைப் போட்டுக் காட்டச் சொன்னார்களாம். "எனக்கு அளவு வராது மேடம். போடுற ஆள் வெளிய உக்காந்திருக்காங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

"பரீட்ச அவளுக்குத்தான?" என்று முனகிக்கொண்டே தங்கை போனாள். கதவு பாதி திறந்தே இருந்தது. நான் எட்டிப் பார்த்தேன்.

தேர்வாளர்கள் மூன்று பேர் முன்னால், தங்கை கட்டியிருந்த நல்ல சேலைக்கு மேல் சட்டையை மாட்டினாள். "எப்படிம்மா இருக்கு?" என்றார் நடுவிலிருந்த அம்மா.

'நல்லாருக்குன்னு சொல்லுடி' என்று வேண்டிக்கொண்டேன்.

தங்கை அந்த ஏசி அறையில் குனிந்தாள். இரண்டு கையாலும் இல்லாத செடியில் பழம் பறித்துப் பார்த்தாள். நிமிர்ந்தாள். "கை நல்லாருக்குங்க. முதுகும் இழுக்கல. ஆனா பை சரியில்ல. குனிஞ்சா செல்லு விழுகுது. மூணு நாளாச் சொல்றேன், கேக்க மாட்டேங்கிறா."

முடிந்தது கதை! நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது காளீஸ்வரி அவர்கள் மேஜையிலேயே நோட்டை விரித்துப் பென்சிலால் வரைந்துகொண்டிருந்தாள். "பை வாயச் சாய்ச்சு வச்சா விழுகாதுல்லம்மா? இப்படி?"

"இன்னுங் கொஞ்சம் மேல."

"இங்கனயா?"

"ஆமா, அங்கனதான்."

எதிரே மூன்று பேர் இருப்பதே இருவருக்கும் மறந்துபோயிற்று. நடுவிலிருந்த அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்துக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

ஐந்தாம் நாள் மெயில் வந்தது. காளீஸ்வரிக்கு இடம் கிடைத்துவிட்டது! பி.காம். கண்டிஷன் போட்ட அவள் அய்யா, காட்டுக்கு ஓடிப்போய் வரப்பில் நின்று கத்திச் சொன்னாராம். கடைசிப் பழம் பறித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் சட்டையும் தலைத்துண்டுமாக நிமிர்ந்து குலவை போட்டார்களாம். போனில் அதைச் சொன்ன காளீஸ்வரியை இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

நேற்று தங்கை வீட்டில் இருந்தேன். கடலாடியிலிருந்து ஓர் அம்மாவின் போன், தன் மகளும் இதே படிப்புக்கு விண்ணப்பிக்கிறாளாம். தங்கை தோரணையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்: "போர்ட்ஃபோலியோவுல தப்ப அழிக்கவே கூடாதுங்க. அதத்தான் அவுக பாக்குறாக. வேற சந்தேகம்னா எனக்கே போன் பண்ணுங்க..."

என்னை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்கக்காட்ட மட்டும் கேட்டுராதீக."