அருவிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு போனது

எங்கள் பக்கத்தில் தண்ணீர் மேலிருந்து விழுவதில்லை. கடலூர்க்காரனுக்குத் தண்ணீர் என்றால் பக்கவாட்டில் வருவது. கெடிலம் பெருகினால் செம்மண்டலத்தில் எங்கள் தெருவுக்குள் வரும். கொள்ளிடம் பெருகினால் குமராட்சிப் பக்கம் வயலுக்குள் வரும். வந்து நிற்கும். வாசற்படியில் எத்தனை முழுகியது என்று எண்ணுவேன். நில அளவைத் துறையில் இருந்தவன். ஓய்வு பெற்றபின் அளக்க நிலம் இல்லாததால் கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணுகிறேன் என்பது என் மனைவியின் புகார்.

அவளுக்கு அருவி மேல் ஒரு கிறுக்கு. கல்யாணமான புதிதில் குற்றாலம் போனபோது, தண்ணீரை விட்டு வெளியே வர மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தவள். பிறகு எப்போதோ டிவியில் இலங்கை மலைநாட்டு அருவிகளைப் பார்த்துவிட்டு, ஒரு தடவையாவது அங்கே போய்விட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளுடைய தம்பி, என் மச்சான், சிதம்பரத்தில் இருக்கிறான். இரண்டு தம்பதிகளுமாக நான்கு பேரும் சேர்ந்து போவது என்று போன வருஷம் முடிவானது. பாஸ்போர்ட் வந்தது. பெட்டிகூட வாங்கியாயிற்று. அப்போது மச்சான் போன் செய்தான். சர்க்கரை ஜாஸ்தியாகிவிட்டது, பயணம் கூடாது என்று டாக்டர் சொல்கிறார், பெங்களூரில் மகள் வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கப் போகிறேன் என்றான். அவனை விட்டுவிட்டு நாங்கள் போவது நன்றாக இருக்காது என்று நான்தான் பயணத்தைத் தள்ளிப்போட்டேன்.

சில மாதங்களில் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு. ஆபரேஷன் ஆகி, இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்கும் நடக்கிறாள். மலைப்பாதையில் வேன் பயணமெல்லாம் இனிமேல் வேண்டாம் என்று டாக்டர் சொன்னபோது அவள் சும்மா தலையாட்டினாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது.

"நீங்களும் தம்பியும் போய்ட்டு வாங்க," என்றாள் இந்த வருஷம். "தண்ணி எப்படி வுழுதுன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க. நீங்கதான் ஒண்ணு வுடாம எண்ணிடுவீங்களே."

அவளுக்குத் துணையாக மச்சானின் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் மனைவி நாற்காலியைப் போட்டு அடுப்பருகே உட்கார்ந்து, நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, ஒரு பாட்டிலில் ஊற்றி, மூடியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றிக் கட்டிக் கொடுத்தாள். சீயக்காய்த் தூள் தனிப் பொட்டலம். எங்களுக்கு அருவி என்றால் குளியல்தான். எண்ணெய் தேய்த்து, ஊறி, விழுகிற தண்ணீருக்குக் கீழே தலையைக் கொடுக்க வேண்டும். பார்த்துவிட்டு வருவதற்கா ஒருவன் கடல் கடந்து போவான்?

கொழும்பிலிருந்து வேன் மலையேறத் தொடங்கியதும் எண்ண ஆரம்பித்தேன். தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே வெள்ளைக் கோடாக இறங்குபவை, பாறையை நனைத்துவிட்டுச் சாலையோரச் சாக்கடையில் முடிந்துபோகிறவை, எல்லாவற்றையும்.

"மாமா, அது அருவி இல்ல. மழைத்தண்ணி ஒழுகுது," என்றான் மச்சான்.

"மேலேருந்து கீழ வந்தா அருவிதான்."

"அப்ப எங்க வூட்டு ஓவர்டேங்க் வழியறதையும் சேத்துக்குங்க."

டிரைவர்கூடச் சிரித்துவிட்டார். ஒரு வளைவுக்கு முன்னால், "இப்ப இடது பக்கம் பாருங்க மாமா," என்றான். வளைவு திரும்பியதும் பெரிய அருவி ஒன்று வந்தது. என்னைவிட ஐந்து வயது இளையவன், கண் இன்னும் கூர்மையாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை நுவரெலியா விடுதியில் நல்ல குளிர். எண்ணெய்ப் பாட்டிலைப் பிரித்தேன். மச்சான் வேண்டாம் என்றான்.

"எனக்குச் சளி புடிக்கும். நீங்க தேய்ச்சுக்குங்க."

தலையிலிருந்து கால்வரை தேய்த்தேன். பழைய வேட்டி, பனியன், தலையில் துண்டு. டிரைவர் என் இருக்கையில் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டுக் கொடுத்தார். நல்ல மனிதர், எல்லா ஊர்க்காரர்களையும் பார்த்தவர்போலிருக்கிறது.

வேன் நின்ற இடத்தில் ஒரு மேடை, மேடையைச் சுற்றி இரும்புக் கம்பி. கம்பிக்கு அந்தப் பக்கம் பள்ளத்தாக்கு. பள்ளத்தாக்குக்கும் அப்பால், எதிர்மலையில், அருவி. கை நீட்டினால் காற்றுதான் கிடைக்கும். சுற்றிலும் குளிர்ச்சட்டை போட்ட வெள்ளைக்காரர்கள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் காதோரம் எண்ணெய் வழிய, சீயக்காய்ப் பொட்டலத்துடன் நின்றேன்.

தேநீர் விற்றுக்கொண்டிருந்த அம்மாவிடம், "குளிக்கிற எடம் எங்கம்மா?" என்று கேட்டேன்.

"இங்க குளிக்க ஏலாது ஐயா. பாக்க மட்டுந்தான்." சொல்லிவிட்டு எனக்குப் பின்னால் பார்த்தவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அட, எண்ணெய் ஐயா! போன வருசம் நீங்களும் இப்படித்தானே வந்து நின்னீங்க? இந்த முறை இவர அனுப்பிட்டீங்களா?"

நான் திரும்பினேன். மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சக்கரைன்னியே," என்றேன்.

"சக்கரையும் இருந்துது மாமா."

"பெங்களூர்?"

"பொண்ணு வூட்டு சம்பந்தி இங்க வர டிக்கெட்டே போட்டுட்டாங்க. எங்க ரெண்டு பேரையும் கூப்ட்டாங்க. பொண்ணு குடுத்த எடம், வேணாம்னு எப்படிச் சொல்றது? உங்களையும் இழுத்துட்டுப் போவ முடியுமா? சொன்னா வருத்தப்படுவீங்கன்னு..."

"காலைல நான் எண்ணெய் தேய்க்கறப்பகூட உனக்கு வாய் வரல."

"எப்படி மாமா சொல்றது? இங்க குளிக்க முடியாதுன்னா, உனக்கெப்படித் தெரியும்னு கேட்டிருப்பீங்க."

கேட்டிருப்பேன்தான். ஆனால் எனக்கு ஆறாதது எண்ணெய் விஷயம் இல்லை. போன வருஷம் அவள் நடந்துகொண்டிருந்தாள். இதே கம்பியருகே வந்து நின்றிருப்பாள். இவன் உண்மையைச் சொல்லியிருந்தால் நாங்கள் இருவர் மட்டுமாவது வந்திருப்போம். அக்கா, அக்கா என்று உருகுகிற தம்பி தன்னிடம் பொய் சொல்லிவிட்டுப் போனான் என்று தெரிந்தால், அந்தச் சிறிய வீட்டுக்குள் வாக்கரோடு அவள் அதை எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

"இது உங்க அக்கா காதுக்குப் போவக் கூடாது," என்றேன். "அவ தாங்க மாட்டா."

அவன் தலையாட்டினான். தேவைக்கு மேல் நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தான்.

விடுதிக்குத் திரும்பி, பக்கெட் வெந்நீரில் எண்ணெயைப் போக்கினேன்.  மீதிப் பயணத்தில் எந்த அருவியையும் எண்ணவில்லை.

வீட்டுக்கு வந்த அன்று மாலை, அவள் கட்டிலருகே நாற்காலியைப் போட்டுக்கொண்டு சொன்னேன். தூரத்திலிருந்து பார்த்தால் தண்ணீர் அவசரப்படுவதில்லை, யாரோ மெல்ல இறக்கிவிடுவதுபோல் வருகிறது. காற்று அடித்தால் பாதியில் கலைந்து, கீழே மறுபடி சேர்ந்துகொள்கிறது. அவள் கண்ணை மூடிக் கேட்டாள். மச்சானைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குள் ஒரு நிம்மதி.

"பாவம், கம்பிக்கு இந்தப் பக்கமே நின்னுட்டு வந்துட்டீங்க," என்றாள்.

கம்பியைப் பற்றி நான் சொல்லவே இல்லை.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மச்சான் மனைவியின் கை நின்றது, சத்தம் நின்றதில் தெரிந்தது.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"போன வருஷமே. போறதுக்கு முன்னாடியே தம்பி வந்து அழுதான். திரும்பி வந்தும் எல்லாத்தையும் சொன்னான். உங்களுக்குத் தெரிஞ்சா ரெண்டு வூட்டுக்கும் பேச்சே இருக்காது. அதான் சொல்ல வாணாம்னுட்டேன். அடுத்த வருஷம் போய்க்கலாம்னு இருந்தேன். வுழுவேன்னு கண்டேனா?"

"குளிக்க முடியாதுன்னு தெரிஞ்சும் எதுக்கு எண்ணெய் காய்ச்சுன?"

"காய்ச்சலன்னா ஏன்னு கேப்பீங்களே."

அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தோம். சிதம்பரத்தில் ஒருவன். பெங்களூரில் அவன் மகள், மருமகன், சம்பந்தி இருவர். என்னை அறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். தெரியாதவன் நான் ஒருவன்.

"கோவப்படாதீங்க. மீதியச் சொல்லுங்க," என்றாள். "சாயங்கால வெயில்ல எப்படி இருந்துது?"

"உன் தம்பியக் கேளு," என்றேன். "அவன் ரெண்டு தடவ பாத்திருக்கான்."