கொச்சியில் மாமா எடுத்த அறை

ஐம்பதுகளின் நடுவில், நான் மூன்றாம் வகுப்பு முடித்த கோடையில், கொச்சியில் ஒரு ஓட்டலில் தங்கினோம். ஓசூர்ப் பக்கம் எங்கள் ஊரில் ஓட்டல் என்றால் இட்லி சாப்பிடுகிற இடம். ஓட்டலில் கட்டில் போட்டுத் தூங்கவும் வைப்பார்கள் என்பதைப் பிறகு பள்ளிக்கூடத்தில் ஒருத்தியும் நம்பவில்லை.

போனது அப்பா, அவருடைய தங்கையான என் அத்தை, நான். கல்யாணமான வருஷமே மாமா கொச்சியில் ஒரு கப்பல் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். வீடு பார்த்துவிட்டு அத்தையை அழைத்துக்கொள்வதாகச் சொன்னவர், ஐந்து வருஷமாக வீடு பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையில் கடிதம் வந்தது. நேரில் பேசவேண்டிய விஷயம் இருக்கிறது, வந்து நான்கு நாள் இருங்கள் என்று எழுதியிருந்தார். அத்தை டிரங்குப் பெட்டி, கேழ்வரகு மாவு மூட்டை, அரிவாள்மனை எல்லாவற்றையும் கட்டி வைத்தாள்.

"நாலு நாளுக்கு இத்தனையா?" என்றார் அப்பா.

"நாலு நாளுக்கு யாருண்ணா போறாங்க?"

கிருஷ்ணகிரி வழியாக பஸ்ஸில் போய், ஜோலார்பேட்டையில் ரயிலேறினோம். கொச்சி ஸ்டேஷனுக்கு மாமா வந்திருந்தார். வீட்டில் சுண்ணாம்பு அடிக்கிறார்கள் என்று நேராக ஓட்டலுக்கு அழைத்துப் போனார்.

காயலை ஒட்டி, முன்பு வெள்ளைக்கார வியாபாரி ஒருவர் குடியிருந்த பங்களா அது. மொத்தமே ஆறு அறைகள். வெள்ளை உடுப்புப் பணியாள் வெறுங்காலோடு நடப்பார். தேநீர் வந்த பிறகுதான் அவர் வந்தது தெரியும். யாரும் குரலை உயர்த்தவில்லை. எங்கள் ஊரில் மாட்டை அதட்டுகிற குரலில்தான் மனுஷரிடமும் பேசுவோம். அப்படிப் பேசுகிற அப்பா இங்கே இருமுவதற்குக்கூடத் தோட்டத்துக்குப் போய் வந்தார். பீங்கான் தொட்டியில் இறங்கிக் குளிக்கலாம் என்று சொன்னதை அத்தை ஏற்கவில்லை. அதில் எங்கள் மூவர் துணியையும் துவைத்துப் பிழிந்தாள்.

மாமா தினமும் எதிர்க்கரையிலிருந்து படகில் வருவார். எனக்கு பிஸ்கட் கொண்டுவருவார். அப்பாவோடு மழையைப் பற்றியும் கேழ்வரகு விளைச்சலைப் பற்றியும் பேசுவார். நேரில் பேசவேண்டிய விஷயத்தை மட்டும் தொடாமல் சாயந்திரம் கிளம்பிவிடுவார். அத்தை தூணுக்குப் பின்னால் நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் நாள் அவர் கிளம்பியபோது, அவருக்குத் தெரியாமல் படகுத்துறை வரை பின்னாலேயே போனேன். அங்கே குடையோடு ஒரு பெண்ணும் சின்னப் பையன் ஒருவனும் நின்றிருந்தார்கள். பையன் "அச்சா!" என்று ஓடிவந்து மாமாவின் காலைக் கட்டிக்கொண்டான். மாமா அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். மூவரும் படகேறினார்கள்.

பெரிய செய்தியோடு திரும்பினேன். சாப்பாட்டு மேஜையில்தான் சொன்னேன்.

"அத்தே, மாமாவுக்கு இங்க வேற பேரு. ஒரு குட்டிப் பையன் அச்சான்னு கூப்பிடறான்."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த பணியாளின் கை நின்றது. அவருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"அச்சான்னா இன்னாங்க?" என்று அத்தை அவரைக் கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். "அப்பா" என்றார்.

என் அப்பாவை இவர் எதற்குக் கூப்பிடுகிறார் என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. அத்தை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள்.

மறுநாள் மாமா வந்தபோது அவள் தூணுக்குப் பின்னால் போகவில்லை. அவருக்கு எதிரே இருந்த பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் முன்னால் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"சுண்ணாம்பு அடிச்சு முடிஞ்சுதா?"

"இன்னும் ரெண்டு நாளு ஆவும்" என்றார் மாமா.

"பையனக் கூட்டிக்கினு வந்திருக்கலாமே. இங்க தோட்டம் இருக்குது, வெளையாடியிருப்பான்."

மாமா காயலைப் பார்த்தார். அப்பா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அந்த ஓட்டலில் முதல்முறையாக அவருடைய ஊர்க்குரல் வெளியே வந்தது. "மாப்பிள்ளே, என்னான்னு நெனச்சிங்க எங்கள?" பக்கத்து அறைக் கதவு ஒன்று திறந்து மூடியது.

"வுடுண்ணா" என்றாள் அத்தை. "சொல்லத்தான் கூப்பிட்டாரு. வாய் வரல. ஊர்ல யாராச்சும் கேட்டா, நானே வேணான்னு வந்துட்டன்னு சொல்லு. அது போதும்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் பெட்டியைக் கட்ட எழுந்து போய்விட்டாள்.

எனக்கு அழுகையாக வந்தது. நான்கு நாள் என்றுதான் சொல்லிக் கூட்டிவந்தார்கள். இன்னும் ஒரு முழு நாள் பாக்கி இருந்தது. அந்த மெத்தை, பிஸ்கட், தோட்டம் எல்லாவற்றையும் என்னிடமிருந்து பிடுங்கியது அத்தைதான் என்று முடிவு செய்து, ரயிலில் அவளோடு பேசவில்லை. அவள் ஜன்னலோர இடத்தை எனக்கு விட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு உள்மூலைக்கு நகர்ந்தாள். செய்த தப்புக்கு என்னைச் சமாதானப்படுத்துகிறாள் என்று நினைத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் யாராவது முகத்தைப் பார்ப்பார்கள் என்பது அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.