பீப்பாய்க்கு ஒரு குளிர்ந்த இடம்

கோலார் தங்க வயலில் ஒரு ஜெர்மானியப் பொறியாளரின் பங்களாவில் நான் ஆறு வருஷம் சமையல்காரனாக இருந்தேன். சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கும் நீராவிப் பம்புகள் அந்தத் துரையின் பொறுப்பு. எனக்கு அப்போது இருபத்தாறு வயது இருக்கும். வட ஆற்காட்டிலிருந்து மனைவியோடு வந்திருந்தேன். ஓர் இடத்தில் நிற்கிற உடம்பு இல்லை எனக்கு. சோறு கொதிக்கும்போது நாலு முறை மூடியைத் திறந்து பார்ப்பேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கரண்டியோடு ஓடுவேன்.

ஒரு டிசம்பரில் துரைக்கு அவருடைய ஊரிலிருந்து சின்னத் தகரப் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே பஞ்சில் தோய்த்து உலர்த்திய, பீரைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட். ஊரில் குடித்த லாகர் பீரை இங்கே தாமே காய்ச்ச வேண்டும் என்பது அவருடைய வெகுநாள் ஆசை. பஞ்சை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியைத் திரும்பப் பெட்டியில் போட்டு மூடினார். பெங்களூரிலிருந்து வரவழைத்த முளைகட்டிய பார்லியையும் பீருக்குக் கசப்பூட்டும் ஹாப்ஸ் பூவையும் நான் காய்ச்சி வடிகட்டி ஆறவைத்தேன். சின்னப் பீப்பாயில் ஊற்றிப் பஞ்சைப் போட்டோம்.

பிறகு என் கையில் ஒரு தெர்மாமீட்டரைக் கொடுத்தார். பாதரசம் ஃபாரன்ஹீட் கணக்கில் ஐம்பது டிகிரியில் நிற்க வேண்டும், ஐம்பத்தைந்து வரை பொறுக்கலாம், அதற்கு மேல் போனால் பாழ் என்றார். மற்ற பீரெல்லாம் சூட்டில் சீக்கிரம் புளித்துவிடும், இது குளிரில் மெல்லத்தான் புளிக்கும் என்றும் சொன்னார். நான் தலையாட்டினேன். வடக்குப் பார்த்த சாமான் அறையில் ஈரச் சாக்கு சுற்றிப் பீப்பாயை வைத்தேன். அன்று மாலையே பம்பு ஒன்று நின்றுபோய், துரை சுரங்கத்துக்குப் போனவர் மூன்று நாள் திரும்பவில்லை.

முதல் நாள் பீப்பாயில் ஒன்றும் நடக்கவில்லை. காதை வைத்துக் கேட்டேன். இரண்டாம் நாளும் சத்தமில்லை. எங்கள் பக்கத்தில் கள்ளை இறக்கி வைத்தால் மத்தியானத்துக்குள் பொங்கிவிடும். இது இப்படிக் கிடக்கிறதே, துரை வந்தால் என்னைத்தானே கேட்பார் என்று அடுப்படிக்கும் சாமான் அறைக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். மாவு புளிக்காவிட்டால் அடுப்புப் பக்கம் வைப்பது எனக்குத் தெரிந்த ஒரே வழி. மூன்றாம் நாள் காலை பீப்பாயைத் தூக்கிக்கொண்டு போய் அடுப்பருகே வைத்தேன். சாயங்காலம் மூடி இடுக்கில் நுரை வழிந்தது. எனக்கு உயிர் வந்தது. துரை வருவதற்குள் பழைய இடத்தில் வைத்துவிட்டேன். அவர் நுரையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார்.

மூன்று வாரம் கழித்துத் திறந்தபோது அழுகின வாழைப்பழ நாற்றம் அடித்தது. துரை ஒரு வாய் குடித்துத் துப்பினார். கப்பலில் வரும்போது பட்ட வெயிலில் ஈஸ்ட் கெட்டுப்போயிருக்கும், மிச்சப் பாதியையும் எறிந்துவிடு என்று சொல்லிவிட்டுத் தாமே பீப்பாயைச் சாக்கடையில் கவிழ்த்தார்.

என்னால் எறிய முடியவில்லை. தகரப் பெட்டியை இடுப்பில் முடிந்துகொண்டு இரண்டு நாள் அலைந்தேன். குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டேன். மனைவி கேட்டபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

“இன்னாத்துக்கு இத்த இடுப்புல கட்டிகினு சுத்துறீங்க? போய் தொரைகிட்ட சொல்லுங்க. வேலய வுட்டுத் தூக்கினா தூக்கட்டும்” என்றாள்.

துரை அப்போது காலைக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். நின்ற வாக்கில் சொல்லி முடித்தேன். அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அடுப்புப் பக்கம் எத்தனை டிகிரி?”

“பாக்கலீங்க தொரை.”

பீப்பாயை நகர்த்தியதைவிட, பார்க்காததுதான் அவருக்குக் கோபம். அதற்குத்தானே தெர்மாமீட்டரை உன்னிடம் கொடுத்தேன் என்று மேஜையை அறைந்தார். பிறகு, இந்த ஊரில் இருப்பதிலேயே குளிர்ந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டு வா, அதற்குப் பிறகு மிச்சப் பஞ்சைப் போடலாம் என்றார்.

அந்த வாரம் முழுக்க என் கால் தரையில் நிற்கவில்லை. கைவிட்ட பழைய சுரங்கக் குழி ஒன்றில் கயிறு கட்டி இறங்கினேன். மேலே வெயிலுக்கு உள்ளே சில்லென்றுதான் இருந்தது. பாதரசமோ எழுபத்தைந்தில் நின்றது. கிணற்றுத் தண்ணீரும் ஏறக்குறைய அதேதான். கோயில் கல்தரை அறுபத்தெட்டு. என் உடம்பு குளிர் என்று சொன்ன இடமெல்லாம் பொய்யாகப் போயிற்று. விடிகாலையில் ஈரச் சாக்கு போட்ட சாமான் அறைதான் ஐம்பத்தாறு காட்டியது.

மீதி ஆறு டிகிரியை இறக்கியவள் என் மனைவி. சென்னையில் ஒரு பங்களாவில் வேலை செய்த அவளுடைய சித்தி, வெடியுப்பு கரைத்த தண்ணீரில் பாட்டில்களைக் குளிர வைப்பாளாம். மறுபடி காய்ச்சி மிச்சப் பஞ்சைப் போட்ட பீப்பாயை மரத்தொட்டியில் இறக்கித் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைத்தோம். பாதரசம் கண்ணெதிரே ஐம்பதுக்கு இறங்கியது. சூடு ஏறும்போதெல்லாம் அந்தத் தண்ணீரை எடுத்துத் தட்டுகளில் வெயிலில் காய வைத்து, படிந்த உப்பைத் திரும்பக் கரைப்போம்.

இரண்டு நாள் வழக்கம்போல் ஒன்றும் நடக்கவில்லை. என் கை பீப்பாய் மூடிக்குப் போனது.

“அத்தத் தொடாதீங்க. தட்டுல உப்பு காஞ்சிருக்கும், போய் சொரண்டிகினு வாங்க” என்றாள்.

போய்ச் சுரண்டினேன். நாலாம் நாள் பொடிப் பொடியாகக் குமிழ் வந்தது. அடுப்பருகே பொங்கியதுபோல் பொங்கவில்லை. மாதக் கடைசி வரை அப்படியே மெல்ல முனகிக்கொண்டிருந்தது. அதன் பிறகும் திறக்கக் கூடாது, குளிரிலேயே கிடக்கட்டும் என்றார் துரை. அந்த நாட்களில் நான் தோட்டத்தைக் கொத்தினேன், ஜன்னல்களைத் துடைத்தேன், துடைத்ததையே துடைத்தேன்.

மார்ச் தொடக்கத்தில் திறந்தோம். துரை நின்றுகொண்டே குடித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து இரண்டாவது கிளாசை நிதானமாகக் குடித்தார். எனக்கும் ஒன்று ஊற்றிக் கொடுத்தார். எனக்குப் பிடிக்கவில்லை, வேப்பம்பட்டைக் கஷாயம் மாதிரி இருந்தது. மிச்சத்தை மனைவிக்குக் கொண்டுபோனேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். பிறகு இன்னொரு வாய் குடித்தாள்.

அடியில் தங்கிய ஈஸ்ட் வண்டலை எடுத்து வைத்து ஏப்ரலில் இன்னொரு முறை காய்ச்சினோம். எவ்வளவு வெடியுப்பு கரைத்தும் பாதரசம் எழுபதுக்குக் கீழே இறங்கவில்லை. போதும், இனி இந்த ஊர் வெயிலோடு சண்டை வேண்டாம் என்று துரை விட்டுவிட்டார். நான்தான் இன்னும் ஒரு வாரம் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தேன்.