ஊற்றியவர் யாருமில்லை

என் வீட்டுக்காரர் கவிதை எழுதுவார் என்பது கல்யாணப் பேச்சின்போதே எங்களுக்குத் தெரியும். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஆபீசில் வேலை, சபையில் நல்ல பெயர், குடி கிடையாது. கவிதையை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பாட்டுக் கட்டுகிறவர் போலிருக்கிறது என்று என் அப்பா நினைத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் எழுதியது பாட்டு இல்லை. எதுகை இல்லை, மோனை இல்லை, ஆண்டவர் இல்லவே இல்லை. வாணியம்பாடியில் தோல் மண்டிக் கணக்கராக இருந்த ஒரு நண்பர் சிற்றிதழ் ஒன்று நடத்தினார். இவருடைய கவிதைகள் அதில்தான் வரும். அந்த இதழை எந்தப் பக்கம் புரட்டினாலும் ஒரு மனிதன் அறைக்குள் தனியாக உட்கார்ந்திருப்பான். ஒருவனுக்கு ஜன்னல், ஒருவனுக்குப் பல்லி, ஒருவனுக்கு ஓடாத மின்விசிறி. இத்தனைக்கும் எழுதியவர்கள் எல்லாருமே பிள்ளைகுட்டிக்காரர்கள். மாதம் ஒருமுறை கூடி, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மனிதன் எவ்வளவு தனியாகிவிட்டான் என்று சாயங்காலம் வரை பேசுவார்கள். அந்நியமாதல் என்ற சொல்லை நான் முதலில் கேட்டது அப்படித்தான். எங்கள் வீட்டுக் கூடத்தில், கை கழுவத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது.

கேலி செய்வேனே தவிர, ஒரு வரியையும் படிக்காமல் விட்டதில்லை. வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் நர்ஸ். காலை டூட்டி என்றால் எல்லாருக்கும் முன்னால் எழுந்து, அவர் எழுந்ததும் குடிக்கட்டும் என்று தேநீர் ஊற்றி மூடிவைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். இதழ் வந்த மாதத்தில் அது என் கைப்பையில் இருக்கும். அந்தக் கவிதையையும் பஸ்ஸில்தான் படித்தேன். பஸ் விரிஞ்சிபுரம் தாண்டிக்கொண்டிருந்தது.

தேநீர் ஆறிப்போயிருக்கிறது.
ஊற்றியவர் யாருமில்லை.
இந்த வீட்டில்
சுவருக்கு மட்டும்தான்
என்னைத் தெரியும்.

எனக்குச் சுருக்கென்றது. ஊற்றியவள் இதோ கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாளே என்று பஸ்ஸிலேயே கத்தவேண்டும் போலிருந்தது. கோபம் வார்டு போய்ச் சேர்வதற்குள் அடங்கிவிட்டது. அதற்குப் பதில் பயம் வந்தது. ஒரே வீட்டில் என்னோடும் மகளோடும் இருக்கிற மனிதருக்கு யாருமே இல்லை என்று தோன்றுமானால், அது என்ன நோய்? நான் படித்த படிப்பு அப்படித்தான் யோசிக்கச் சொல்லும்.

எங்கள் சபையில் வெள்ளிக்கிழமை தோறும் பெண்கள் ஜெபக்கூட்டம் உண்டு. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் தன் தேவையை வாய்விட்டுச் சொல்லவேண்டும். மகளுக்கு வரன், கம்பெனியில் ஆள் குறைப்பு, மாமியாருக்குச் சர்க்கரை. என் முறை வந்தபோது, என் வீட்டுக்காரர் தனிமையில் வாடுகிறார், அவருக்காக ஜெபிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுகையும் வந்துவிட்டது. அழுகை வந்தால் எங்கள் சபை சும்மா விடாது.

மறு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு எல்லாரும் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி. பின்னால் ஜெபக்கூட்டத்துப் பெண்கள். கையில் ஆரஞ்சுப் பழம், ஹார்லிக்ஸ், ரொட்டி. லுங்கியோடு உட்கார்ந்திருந்த மனிதரைச் சுற்றி நின்று இரண்டு பாமாலை பாடினார்கள். ஐயரம்மா அவர் தலையில் கை வைத்து, இந்த மகனுடைய தனிமையின் கட்டுகளை அறுத்துப்போடும் ஆண்டவரே என்று உருகி ஜெபித்தார். ஒரு அக்கா குனிந்து, ஆபீசில் யாராவது பேஜார் பண்ணுகிறார்களா என்று மெல்லக் கேட்டாள்.

அவர் எரிந்து விழுந்திருக்கலாம். விழவில்லை. கொண்டுவந்த ஆரஞ்சையே உரித்து எல்லாருக்கும் கொடுத்தார். வாசல்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து தோலையெல்லாம் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னார்.

"அது நான் இல்லமா. எழுதறப்போ ஒருத்தன் வருவான். அவனுக்குத்தான் யாரும் இல்ல."

"அவன் குடிக்காம ஆற வெச்ச டீ நான் போட்டது. அந்த வீட்ல நான் எங்க இருக்கேன், சொல்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தோல் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பேச்சில் நான் ஜெயித்துவிட்டேன் என்று எனக்குத் தெரிந்தது. அப்போது அது நன்றாகவும் இருந்தது.

அடுத்த கவிதையில் நான் இருந்தேன். தேநீர் ஊற்றியவள் வேலைக்குப் போயிருக்கிறாள், அவள் வருகிறவரை வீடு காத்திருக்கிறது என்று எழுதியிருந்தார். வார்டில் எல்லாரிடமும் காட்டினேன். அதற்கடுத்ததில் என் வெள்ளைச் சீருடை வந்தது. அதற்கும் அடுத்ததில் மகளின் பள்ளிக்கூடப் பை வந்தது. ஒருநாள் வாணியம்பாடி நண்பர் வீட்டுக்கு வந்தார். சமையலறையில் இருந்த எனக்கு அவர் குரல் கேட்டது. "தப்பா நினைக்காத தோஸ்த். நல்ல புருசன் எழுதினதா இருக்கு. கவிதையா இல்ல." இவர் சிரித்தார். நானும் அந்த ஆளுக்குப் பொறாமை என்று முடிவுகட்டிவிட்டு, டீயில் சர்க்கரையைக் கம்மியாகப் போட்டேன்.

பிறகு அவர் எழுதவில்லை. சண்டை இல்லை, சபதம் இல்லை. அவர் சாத்திக்கொண்டு எழுதும் பின்கட்டு அறையின் கதவு இப்போது மூடாமலே இருந்தது. அவர் எழுத உட்காரும் நாற்காலியில் துவைத்த துணிகளை மடித்துவைக்க ஆரம்பித்தேன். அவர் அதைக்கூடக் கேட்கவில்லை. மகள் படித்து, கல்யாணமாகி, ஓசூருக்குப் போய்விட்டாள்.

நான் செய்தது எனக்குப் புரிந்தது வார்டில்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் சொந்தமெல்லாம் கட்டிலைச் சுற்றி நிற்கும். அப்படி நின்றுகொண்டிருக்கும்போது சில நோயாளிகள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு யார் மேலும் வெறுப்பில்லை. கொஞ்ச நேரம் யாருமில்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். நான் ஒன்றும் கேட்காமல் திரையை இழுத்துவிடுவேன். புதிதாகச் சேரும் பெண்களுக்கும் அதைச் சொல்லிக்கொடுப்பேன். ஒரு சாயங்காலம் திரையைப் பிடித்த கையோடு அப்படியே நின்றுவிட்டேன். ஊரார் எல்லாருக்கும் இழுத்துவிட்ட திரையை என் வீட்டு மனிதருக்கு மட்டும் ஆள் கூட்டிவந்து பிடுங்கிப்போட்டிருக்கிறேன்.

போன வருஷம் நான் ஓய்வு பெற்றேன். அவர் அதற்கு முன்பே பெற்றுவிட்டார். தங்கைக்கு முழங்கால் வலி என்று சாக்குச் சொல்லிவிட்டு ஆலங்காயம் போனேன். போகுமுன் நாற்காலியில் இருந்த துணிகளை எடுத்து பீரோவில் வைத்தேன். தங்கையின் முழங்காலுக்கு ஒன்றுமில்லை. வீடு காலியாக இருந்தால் அந்த யாருமில்லாத ஆள் திரும்ப வருவான் என்று ஒரு நப்பாசை.

ஒரு வாரம் கழித்து வந்தபோது பஸ் ஸ்டாண்டில் குடையோடு நின்றுகொண்டிருந்தார். ஷர்ட்டில் பொத்தான் மாறிப் போட்டிருந்தது. பையை வாங்கிக்கொண்டார். வழியில் கேட்டுவிட்டேன்.

"எதுனா எழுதினீங்களா?"

அவர் பையைக் கை மாற்றிக்கொண்டார். "நீ பக்கத்து ரூம்ல பாத்திரம் உருட்டினு இருந்தாதான், யாருமில்லன்னு எழுத வரும். இப்ப நெசமாவே யாருமில்ல. பயமா இருந்திச்சி. இன்னாத்த எழுதறது?"

அப்படியானால் அந்த வரியில் நான் இல்லாமல் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நான் இருந்த தைரியத்தில்தான் அவர் அந்த வரியையே எழுதியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் தேநீர் போட்டேன். ஒரே தம்ளர். பின்கட்டு அறையில் நாற்காலியருகே வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்குப் போனேன். தேய்க்கவேண்டிய பாத்திரம் ஒன்றுமில்லை. இருந்தாலும் சுத்தமான பாத்திரங்களை எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து உருட்டினேன். ஆறட்டும், அந்தத் தேநீர் ஆறிப்போகட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே உருட்டினேன். எந்த ஜெபத்தையும் அவ்வளவு உருக்கமாக நான் செய்ததில்லை.

கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அங்க தனியா இன்னா பண்ற? டீ ஆறுது. நீயும் வா, சேந்து குடிக்கலாம்."

இன்னொரு தம்ளரை எடுத்துக்கொண்டு போனேன். அவர் தன்னுடையதில் பாதியை எனக்கு ஊற்றினார்.