கண்ணைத் தொட்டதும் காணாமல் போன வீடுகள்

போன வருடம் மழைக்காலம் தொடங்கும் முன்பு நடந்தது இது. கல்பாக்கத்துக்கு வடக்கே, கடலோரம் எங்கள் ஊர். கனமழை பெய்தால் எந்தெந்த வீட்டில் தண்ணீர் புகும் என்று வரைபடத்தில் குறிக்கும் வேலை எங்கள் மகளிர் குழுவுக்குக் கிடைத்தது. என்னிடமும் என் தோழியிடமும் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தார்கள். நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். புது ஆட்கள் முன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனாலும் தெருத் தெருவாகப் போய், தண்ணீர் வரும் வீடுகள்மேல் சிவப்புப் புள்ளி வைத்தோம்.

கடைசி நாள், டேப்லெட்டில் இருந்த அந்த வரைபடத் திரையை வடிவமைத்த பெண், படூரில் இருக்கும் கம்பெனியிலிருந்து வந்தாள். நாங்கள் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பார்க்க வேண்டுமாம். நான் எதுவும் சொல்லித்தர மாட்டேன், நீங்கள் பாட்டுக்குச் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, என் முதுகுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். எனக்கு அப்போதே வியர்த்துவிட்டது.

எங்கள் தெருவில் ஒரு வீடு விட்டுப்போனதோ என்று சந்தேகம். புள்ளிகளை நன்றாகப் பார்க்கலாம் என்று ஓரத்தில் இருந்த கண் படத்தைத் தொட்டேன். ஒரு புள்ளிகூட இல்லை. அன்று மாலையே வரைபடத்தை அனுப்பியாக வேண்டும். அதில் இல்லாத வீட்டைத் தேடி வெள்ளத்தில் யார் படகு கொண்டு வருவார்கள்?

தோழி எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, ஊரையே தூக்கி கடல்ல போட்டுட்ட?" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குமேல் அந்தப் பெண்ணால் சும்மா இருக்க முடியவில்லை. எழுந்து வந்து, அதே கண்ணை மறுபடி தொட்டாள். புள்ளிகள் அத்தனையும் அதனதன் இடத்தில் வந்து நின்றன. அழியவில்லை, மறைந்துதான் இருந்தன என்றாள். போன உயிர் வந்தது எனக்கு. ஏன் அதைத் தொட்டீர்கள் என்று கேட்டாள்.

"கண்ணுன்னா பாக்கறதுக்குதானேம்மா?" என்றேன், தலையைக் குனிந்தபடி.

அவள் சிரிக்கவில்லை. "தப்பு எங்களுதுதான்க்கா" என்றாள்.

அடுத்த முறை வந்த திரையில் கண் இல்லை. 'புள்ளிகளைக் காட்டு', 'புள்ளிகளை மறை' என்று தமிழில் எழுதியிருந்தது. தோழி மட்டும் இன்னும் கேலியை விடவில்லை.

இப்போதும் பேங்க் மெஷின் முன்னால் எதை அழுத்துவது என்று தடுமாறுவேன். ஆனால் முன்போல் என்னையே திட்டிக்கொண்டு திரும்பி வந்துவிடாமல், பக்கத்தில் நிற்பவரிடம் கேட்டுவிடுகிறேன்.