கரைந்துபோன திராட்சை

ஒரு ஜாடியின் மூடியைத் திறக்காமலே, உள்ளே இருப்பது ஊறிவிட்டதா இல்லையா என்று என்னால் சொல்ல முடியும். ஒரு குலுக்கு குலுக்கிக் காதில் வைத்துக் கேட்டால் போதும். சும்மா சொல்லவில்லை. கள்ளக்குறிச்சியில் என் ஊறுகாய்க் கம்பெனிக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். படித்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, குழாயில் எடுத்துச் சோதித்து, மறுநாள் சொல்லும் பதிலை நான் முதல் நாளே சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். நான் படித்தது நாலாம் வகுப்பு. அதிலும் பாதி வருஷம் அம்மை போட்டுப் படுத்திருந்தேன்.

“இத எங்க கத்துக்கினீங்கம்மா?” என்று வருகிறவர்கள் கேட்பார்கள். அனுபவம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் கம்பெனிக்கு மரியாதை இல்லை. ஊறுவது என்றால் என்ன என்று நான் முதன்முதலில் தெரிந்துகொண்டது மாங்காயில் அல்ல, விஸ்கியில். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஊர் கச்சிராயப்பாளையத்துக்கு அப்பால், கல்வராயன் மலை இறங்கி முடிகிற இடத்தில் இருக்கிறது. அப்பா மாட்டுவண்டி ஓட்டினார். மலையிலிருந்து வரும் புளியையும் கடுக்காயையும் கள்ளக்குறிச்சி மண்டிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். நாங்கள் வேதக்காரர்கள், கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள். ஊரில் ஓடு போட்ட சின்னக் கோயில் உண்டு. ஞாயிறு தவறாமல் பூசை உண்டு. அம்மாவின் தம்பிக்கு அப்பாவின் தங்கையைக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஆக, மாமாவும் அத்தையும் எனக்கு இரண்டு பக்கத்துச் சொந்தம். ஒரே தெருவில்தான் குடியிருந்தார்கள்.

மாமா பட்டாளத்தில் சமையல்காரர். ஆபீசர்கள் சாப்பிடும் மெஸ்ஸில் பதினைந்து வருஷம் கரண்டி பிடித்துவிட்டு ஊர் திரும்பினார். வரும்போது ஒரு தகரப் பெட்டி, ஒரு மீசை, கொஞ்சம் குடி, இந்த மூன்றையும் கொண்டுவந்தார். கொஞ்சமாக வந்தது ஊருக்கு வந்ததும் ஜாஸ்தியாகிவிட்டது.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் அன்று காலைப் பூசைக்குப் போன எல்லோரும் அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். கோயிலுக்குள் ஜோடித்திருந்த குடிலில், மாட்டுக்கும் சூசையப்பருக்கும் நடுவே, வைக்கோலில் மாமா படுத்திருந்தார். ஆட்டுக்குட்டிச் சொரூபம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நல்ல தூக்கம். பங்குச் சாமியார் பதறாமல், “அவரு தூங்கட்டும். மொதல்ல அந்தக் குட்டிய ஒடையாம வாங்குங்க” என்றார். சனம் சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. பூசை முடிந்ததும் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

“அந்த வூட்டு வாசப்படிய இனிமே மிதிக்க மாட்டேண்ணா” என்றாள் அப்பாவிடம்.

பிறகு மாமா தினமும் விளக்கு வைக்கிற நேரத்துக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அவர் தலை தெரிந்ததும் அத்தை உள்ளே போய்விடுவாள். அவள் சமைத்ததைத்தான் அவர் சாப்பிடுவார். ஆனால் இருவருக்கும் பேச்சு கிடையாது.

அத்தை ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். மாமாவின் தகரப் பெட்டிக்குள் உடைக்காத விஸ்கி பாட்டில் ஒன்று இருந்தது. வேலையை விட்டு வரும்போது ஒரு ஆபீசர் கொடுத்தது. அதைச் சாக்கடையில் ஊற்ற வேண்டும்.

“எத வேணா ஊத்தறேன் மாமா” என்று மாமா அப்பாவிடம் கெஞ்சினார். “அத மட்டும் ஊத்த சொல்லாதீங்க. எஞ்சமையல மெச்சி அவரு கையால குடுத்தது.”

இப்படியே இழுத்து, தபசுகாலம் வந்துவிட்டது. ஈஸ்டருக்கு முந்தைய அந்த நாற்பது நாளும் எங்கள் ஊரில் கறி மீன் கிடையாது. ஆளாளுக்குப் பிடித்த ஒன்றை விட்டுவிட வேண்டும். அது தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது மாமா ஒரு யோசனையோடு வந்தார்.

“மாமா, மெஸ்ல பழச்சரக்குன்னு ஒண்ணு போடுவோங்க. பழம், பட்டை, தேனு எல்லாம் விஸ்கில ஊற வைக்கறது. நாப்பது நாள் ஆவும். அப்புறம் மருந்து மாதிரி ஆளுக்கு ஒரு மூடி. ஆபீசருங்க வூட்டு அம்மாங்களே குடிப்பாங்க.”

“பொம்பளைங்களா?” என்றார் அப்பா, கையிலிருந்த பீடியை மறந்து.

“அவங்களுக்குன்னுதான் மாமா அத போடறதே.”

உள்ளே இருந்து அத்தையின் குரல் என்னைக் கூப்பிட்டது. “பாப்பா, அந்த நாப்பது நாளு தொடாம இருக்கப்போறது யாருன்னு கேளு.”

“நான்தான்னு சொல்லு பாப்பா” என்றார் மாமா.

“வெளிய போயி ஊத்திக்கினு வந்தா? அதையும் கேளு.”

“வெளியவும் கெடையாதுன்னு சொல்லு.”

“ஒரு நாளு தாங்கறாரா பாக்கலாம்னு சொல்லு.”

இருவருக்கும் நடுவே மூன்றடி தூரம்கூட இல்லை. நான் எதையும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தலையை மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் அப்பா தீர்ப்பு சொன்னார்.

“ஜாடி எங்க வூட்ல இருக்கட்டும் மாப்ள. தெனம் உன் கண்ணுல படட்டும். ஈஸ்டர் வரிக்கும் கொறையாம இருந்தா எந்தங்கச்சிய கூட்டிக்கினு போ. கொறஞ்சி கெடந்தா ஜாடிய எடுத்துக்கினு நீ மட்டும் போ.”

தபசு தொடங்கும் விபூதிப் புதனுக்கு முந்தின நாள் காலை. மிட்டாய்க் கடையிலிருந்து வாங்கிய கண்ணாடி ஜாடியைக் கழுவி வெயிலில் காய வைத்திருந்தார்கள். மாமா கமலா ஆரஞ்சின் தோலை, வெள்ளைச் சதை ஒட்டாமல் சீவிப் போட்டார். கொட்டை எடுத்த பேரீச்சை, காய்ந்த திராட்சை இரண்டு கைப்பிடி, விரல் நீளத்துக்குப் பட்டை, எண்ணி ஆறு கிராம்பு, தட்டிய ஏலக்காய். அதன்மேல் அப்பா மலைக்காரர்களிடம் வாங்கி வந்த தேன். பிறகு பாட்டிலின் கழுத்தைத் திருகினார். ‘கறுக்’ என்று ஒரு சத்தம். மாமா மூச்சைப் பிடித்து, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினார். அப்பா ஜாடியை நகர்த்தி நகர்த்திப் பிடிக்காமல் இருந்தால் பாதி தரைக்குப் போயிருக்கும்.

விஸ்கி நின்ற மட்டத்தில் அப்பா ஒரு காகிதத் துண்டைச் சோற்றுப் பருக்கையால் ஒட்டினார். வாயைத் துணியால் கட்டி, சுவர் மாடத்தில், அந்தோணியார் படத்துக்குக் கீழே வைத்தார். “அவரு பாத்துக்குவாரு” என்றார்.

அந்தத் தபசுக்கு அப்பா பீடியை விட்டார். அம்மா வெற்றிலையை விட்டாள். டீ இல்லாமல் கண்ணைக்கூடத் திறக்காத அத்தை டீயை விட்டாள். நான் மிட்டாயை விட்டேன். வாங்கித் தர ஆளில்லாததால் அது சுலபமாக இருந்தது.

மாமா சாயந்தரம் வந்ததும் ஜாடியை இரண்டு கையாலும் எடுத்து, விளக்குக்கு எதிரே பிடித்து, மெதுவாகக் குலுக்கி வைப்பார். அவர் போன பிறகு அத்தை வந்து காகிதத் துண்டைக் குனிந்து பார்த்துவிட்டுப் போவாள். எனக்கு இந்த இரண்டு பேர்மேலும் ஆர்வம் இல்லை. என் கண்ணெல்லாம் ஜாடிக்குள்தான். ஆரஞ்சுத் தோல் வெளுத்துக்கொண்டே போனது. விஸ்கியின் நிறம் ஏறிக்கொண்டே வந்தது. சுருங்கிக் கிடந்த திராட்சை ஒவ்வொன்றும் உப்பிக் கண்ணைப் போல உருண்டது. தோலுக்குள் எப்படிப் போகிறது? போனது ஏன் திரும்பி வரவில்லை? பள்ளிக்கூடத்தில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

நாலாம் நாள் கரண்டிக் காம்பால் ஒரு திராட்சையை எடுத்தேன். மேல் தோல் நாக்கைச் சுட்டது. உள்ளே பழைய திராட்சைதான். பத்தாம் நாள் உள்ளேயும் சுட்டது, ஆனால் பட்டை ஒரு பக்கம், ஆரஞ்சு ஒரு பக்கம் என்று தனித்தனியாக நின்றது. பதினெட்டாம் நாள்தான் அது நடந்தது. எது பட்டை, எது தேன் என்று பிரிக்க முடியாமல் எல்லாம் ஒன்றாகிப் புதிதாக ஒரு ருசி. அந்த ஒரு நாள் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கிற நாக்குதான் இன்றைக்கு எனக்கு நாற்பது பேருக்குச் சோறு போடும் கம்பெனியாக நிற்கிறது. அந்த நாளைத் தவறவிடக் கூடாது என்று தினமும் இரண்டு மூன்று தின்று பார்த்தேன். மறைக்கல்வி வகுப்பில் கொட்டாவி வந்தது. ஒருநாள் கோயிலில் பாட்டு முடிந்த பிறகும் நான் மட்டும் பாடிக்கொண்டிருந்தேன் என்று அம்மா தலையில் குட்டினாள்.

அப்போதுதான் கவனித்தேன். விஸ்கி காகிதத் துண்டுக்கு அரை விரல் கீழே இறங்கியிருந்தது.

ஜாடியின் வாயை அவசரமாகத் துணியால் கட்டி வைத்தேன். அடி விழும் என்பது மட்டும்தான் பயம். அத்தை வீடு போய்ச் சேருவது என் கையில் இருக்கிறது என்றெல்லாம் தோன்றவில்லை. அந்தோணியார் படத்தின் முன் முட்டி போட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர். குறைந்ததையும் பார்த்துக்கொள்வார் என்று நம்பி வேண்டினேன். மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால், விஸ்கி காகிதத்தின் மட்டத்துக்கு வந்து நின்றது!

கோயிலில் சொல்லும் புதுமை, அதாவது அற்புதம், இதுதான் என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இன்னொரு பிள்ளையாக இருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிறுத்தியிருக்கும். நான் அப்படியில்லை. ஒரு தடவை நடந்தது மறு தடவையும் நடக்கிறதா என்று தெரிய வேண்டாமா? இன்னும் பத்துத் திராட்சை தின்றேன். இறங்கியது. வேண்டினேன். இரண்டு நாளில் ஏறியது. ஈஸ்டருக்கு முந்தின வாரம் குருத்தோலை ஞாயிறு வந்தபோது ஜாடியில் திராட்சை என்று சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. அந்தோணியார் மட்டும் ஒரு தடவைகூடத் தவறவில்லை.

அந்த நாட்களில்தான் இன்னொன்றையும் பார்த்தேன். அம்மா களை வெட்டப் போயிருந்த ஒரு மத்தியானம், அத்தை அடுப்பில் டீத்தூளைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தாள். பால் ஊற்றவில்லை. கொஞ்சம் வெல்லம் மட்டும் போட்டு, இறக்கி, ஆற வைத்தாள். என்னைக் கண்டதும் முந்தானையால் சட்டியை மூடினாள்.

“இன்னா பாக்கற? போய் வெளையாடு போ.”

“டீயா அத்த?”

“கஷாயம்” என்றாள். கண் சிவந்திருந்தது. புகையாக இருக்கும் என்று நினைத்தேன்.

எனக்கு டீ வாசனை தெரியாதா? அத்தை தபசை மீறித் திருட்டு டீ குடிக்கிறாள். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனபோது, “திராட்சை தின்றேன் சாமி” என்று என் பாவத்தைச் சொன்னேன். எந்த ஜாடியிலிருந்து என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. “திராட்சை திங்கறது பாவமில்லம்மா” என்று சிரித்துவிட்டு மூன்று அருள்நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். அத்தையின் பாவத்தையும் சேர்த்துச் சொல்லப் போனேன். “அவங்கவங்க பாவத்த அவங்கவங்க சொல்லட்டும்” என்று அனுப்பிவிட்டார்.

ஈஸ்டர் அன்று பூசை முடிந்து எல்லோரும் எங்கள் வீட்டில் கூடினோம். மாமா முடி வெட்டி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தார். நாற்பது நாளில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. கை மட்டும் நடுங்காமல் இருந்தது. அத்தையின் துணி மூட்டை விடிகாலையிலேயே கட்டப்பட்டு, கதவுக்குப் பின்னால் கிடந்தது. ஜாடியை இன்னும் யாரும் இறக்கக்கூட இல்லை.

அப்பா இறக்கினார். குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார்.

“கொறையல. சரி. ஏறி கீதே மாப்ள?”

விஸ்கி காகிதத் துண்டுக்கு மேலே நின்றது. எல்லோரும் சிரித்தோம். “பட்டாளத்தான் கை பட்டா பெருகும் போல” என்றாள் அம்மா. அத்தை மட்டும் தரையைப் பார்த்தாள்.

மாமா ஆளுக்கு ஒரு மூடி ஊற்றினார். அப்பா கண்ணை மூடிக் குடித்து, “அடேங்கப்பா” என்றார். கடைசியாக மாமா குடித்தார். பதினைந்து வருஷம் மெஸ்ஸில் ருசி பார்த்த நாக்கு. சப்புக்கொட்டி, காலி மூடியை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அத்தை இன்னும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இன்னா மாப்ள, சரியா வர்லியா?”

“மெஸ்ல கூட இப்பிடி வந்ததில்ல மாமா” என்றார் மாமா.

அப்பா ஜாடிக்குள் துழாவினார். “ரெண்டு கை திராட்ச போட்டியே, எங்க ஒண்ணுகூட காணம்?”

நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். மாமா மறுபடியும் அத்தையை ஒரு தரம் பார்த்தார்.

“கரைஞ்சி போச்சிங்க மாமா. நாப்பது நாள் ஊறினா திராட்ச கரைஞ்சிடும்.”

அத்தை தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாள். அவ்வளவு பெரிய பொய்யை அவ்வளவு அமைதியாகச் சொல்லும் மனுஷனைப் பார்ப்பது போலப் பார்த்தாள். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு, “சாப்பிட்டுப் போங்க” என்று அம்மா கூப்பிடக் கூப்பிட, அவருக்கு முன்னால் நடந்து போனாள்.

திராட்சை கரையாது. நாற்பது நாள் என்ன, நாலு வருஷம் ஊறினாலும் உப்பும், கரையாது. இதை நான் சொந்தக் கையால் ஆயிரம் ஜாடி போட்ட பிறகு சொல்கிறேன். விஸ்கியும் தானாக ஏறாது. மாமாவுக்கு இரண்டுமே தெரிந்திருக்கும். அவர் நாக்குக்கு டீத் தண்ணீரும் தெரிந்திருக்கும்.

மாமா குடியை விட்டுவிட்டார் என்று முடித்தால் நன்றாகத்தான் இருக்கும். விடவில்லை, கம்மி செய்தார். அதன் பிறகு எப்போது பழச்சரக்கு போட்டாலும் முதல் மூடியை அத்தையிடம் நீட்டி, “ஆசையா இருந்தா கேட்டு வாங்கிக் குடி, நான் இன்னா சொல்லப்போறேன்” என்று கண்ணைச் சிமிட்டுவார். அத்தை ஒன்றும் புரியாமல், “வயசான காலத்துல புத்தி போறத பாரு” என்பாள். அவர் போய்ச் சேர்ந்த வருஷம் அவள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: “அந்தத் தபசுல கூட அவரால முடியல பாப்பா. கொறையக் கொறைய நான்தான் டீத் தண்ணி ஊத்தி வச்சேன். தொலையுது, மனுசன் வேணுமேன்னு.”

நான் எழுந்து போய் அவளுக்கு ஒரு டீ போட்டு எடுத்து வந்தேன். மாமா அந்த நாற்பது நாளும் ஒரு சொட்டுத் தொடவில்லை. அவர் நினைத்தது போல அத்தையும் தொடவில்லை. அது தெரிந்த ஒரே ஆள் நான்.

ஆனால் அந்த ஈஸ்டர் அன்று, இருவரும் ஒன்றாகத் தெருவில் போவதை வாசலில் நின்று பார்த்தபோது, எனக்கு இருந்த ஒரே வருத்தம் வேறு. திராட்சை தின்றதற்கு நான் முட்டி வலிக்க மூன்று மந்திரம் சொன்னேன். திருட்டு டீ குடித்த அத்தையை மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே.