அன்னதான பேனரில் என் பெயர்

எங்கள் தெருக் கோயில் அன்னதானத்துக்கு பேனர் அடிக்க, இன்று சாயங்காலம் ஆரப்பாளையத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருந்தேன்.

கடைக்காரர் திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். "கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிக்குது. எவனோ ஓசியில எழுதி விட்ட சாஃப்ட்வேர்ணே, வேற எப்படி இருக்கும்?"

அந்த எவனோ நான்தான்.

தமிழ் எல்லாக் கணினியிலும் ஒரே மாதிரி தெரிய உலகப் பொது விதி ஒன்று இருக்கிறது. அந்த விதிப்படி எழுத்தைக் கோர்க்கும் நிரலை நானும் இரண்டு நண்பர்களும் ஆபீஸ் முடிந்து வந்து பார்த்துக்கொள்கிறோம். பெரிய நிறுவனங்களும் அதைத்தான் பயன்படுத்துகின்றன. புது வசதி வேண்டுமென்றால் பணம் தருவார்கள். விதி மாறும்போது பழையதைச் சரிசெய்ய யாரும் தருவதில்லை.

இதைச் சொன்னதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "அப்பச் சரி பண்ணிட்டுப் போங்கண்ணே."

நாங்கள் போன வாரம் வெளியிட்ட திருத்தத்தை ஏற்றினேன். எழுத்துகள் சேர்ந்துவிட்டன. என்னைச் சும்மா அனுப்ப அவருக்கு மனசு கேட்கவில்லை.

"இம்புட்டு பேர் போட்டோ வருது, உங்களதும் போட்டு விடுறேன். உபயம் என்னன்னு போட?"

பேனரைப் பார்த்தேன். அரிசிக்கு ஒருவர், காய்கறிக்கு ஒருவர், பாயசத்துக்கு மூன்று பேர்.

"பாத்திரம் கழுவ யாருண்ணே?"

"அதுக்கு எவன்ணே பேர் குடுப்பான்?"

"அப்ப அதுல என் பேரைப் போடுங்க."

சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை அன்னதானம், எல்லோரும் வாங்க. சாப்பிட்டுக் கை கழுவியதும் கிளம்பிவிடாமல் பின்பக்கமும் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். அண்டா பெரிசு.